கரும்புக்காரர் வளர்த்த மணி பிளாண்ட்

என் கணவர் சின்ன வயதிலிருந்தே சேற்றில் நடந்து பழகியவர். ஏம்பலத்துப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு. மழைக்கால வரப்பில் உர மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நடப்பார். ஓடுகிற டிராக்டரிலிருந்து குதிப்பார். கரும்புக்குள் பாம்பு இருக்கிறது என்றால், "அது பாட்டுக்கு அது போவும்" என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைவார். இவை எதுவும் அவரை ஒன்றும் செய்யவில்லை. கடைசியில் எங்கள் வீட்டுக் குளியலறையில் கிடந்த கட்டைவிரல் அளவு சோப்புத் துண்டுதான் அவருடைய தொடை எலும்பை இரண்டாக்கியது.

பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்து, பத்திரமாக அனுப்பி வைத்தார்கள். இரண்டு மூன்று மாதம் அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்றார்கள். காலைப் பற்றித்தான் சொன்னார்கள். வாயைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஹாலில் ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டோம். அந்தக் கட்டிலிலிருந்து அவர் குடும்பத்தை நிர்வாகம் செய்தார். ஃபேனைக் குறை, ஃபேனைக் கூட்டு, மோட்டார் போட்டாச்சா, மாட்டுக்குத் தண்ணி காட்டினியா, வெளிய யாரு, ரிமோட் எங்க. ரிமோட் பெரும்பாலும் அவருடைய இடுப்புக்குக் கீழே இருக்கும். கரும்பு வெட்டுக்கு நின்ற நேரம் அது. ஆள் பிடிப்பதும், லாரிக்காரருக்குப் போன் போடுவதும், மாடுகளும், சமையலும், அவரைத் துடைத்துவிட்டு வேட்டி மாற்றுவதும் என் தலையில் விழுந்தன. பிள்ளைகள் இருவருக்கும் வெளியூரில் வேலை. தினமும் வீடியோ காலில் வந்து அப்பாவின் காலைப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஊரில் உள்ளவர்கள் நேரில் வந்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "பாவம், எவ்ளோ கஷ்டம்" என்று அவரைப் பார்த்துச் சொல்வார்கள். நான் அப்போது அவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருப்பேன்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி என் நாத்தனார். புதுச்சேரி டவுனில் அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவள். மற்றவர்கள் ஆப்பிளும் ரொட்டியும் கொண்டுவந்தார்கள். அவள் ஒரு கண்ணாடி பாட்டில் கொண்டுவந்தாள். பாட்டிலில் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு கொடி, கொடியில் நாலைந்து இலைகள்.

"மணி பிளாண்ட் அண்ணி. ஹால்ல வச்சா வூட்டுக்கு லட்சுமி வருவா. காத்து சுத்தமாவும். அண்ணனுக்கு மனசு லேசாவும்."

சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பச்சையாகக் கிடக்கிற ஊரில், காற்றைச் சுத்தம் செய்ய டவுனிலிருந்து நாலு இலை வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. நாத்தனார் நல்லவள், அன்றைக்கே திரும்பிப் போகிறவள்.

"இத்த யாராலயும் கொல்ல முடியாது அண்ணி. ஒன்னியும் செய்யத் தேவல்ல. தண்ணி மாத்தினா போதும்."

என் கணவர் அந்த பாட்டிலை ஏற இறங்கப் பார்த்தார். "இது இன்னாத்துக்கு ஆவும்? காய்க்குமா?"

"இல்லண்ணே."

"பூக்குமா?"

"வூட்டுக்குள்ள பூக்காது."

"மாடு தின்னுமா?"

"ஐயோ, அதுக்கு வாயெல்லாம் அரிக்கும். போட்றாதீங்க."

"அப்ப வெட்டியா?" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் வீட்டில் வெட்டியாக இருக்கும் இன்னொரு உயிர் வந்து சேர்ந்தது என்று எனக்கு அப்போது தோன்றியது.

நாத்தனார் போனபிறகு செடியை டி.வி. பக்கத்தில் வைத்தேன். மறுநாளிலிருந்து ஆலோசனைகள் வர ஆரம்பித்தன. உடைந்த கால் பற்றி ஊருக்கு ஒரு கருத்து என்றால், மணி பிளாண்ட் பற்றி ஆளுக்கு இரண்டு கருத்து. எதிர்வீட்டுப் பெரியம்மா ஒருவர் அக்கினி மூலையில் வைக்கச் சொன்னார். அக்கினி மூலையில் எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டர் இருக்கிறது. எங்கள் வீட்டில் பால் எடுக்க வருகிறவர், கொடி மேலே ஏற வேண்டும், கீழே தொங்கினால் குடும்பம் இறங்கிவிடும் என்றார். உடனே நூல் கட்டி மேலே ஏற்றினோம். என் ஓரகத்தி, வாங்கிய செடியும் கொடுத்த செடியும் விளங்காது, திருடி வைத்தால்தான் வளரும் என்றாள். இதைச் சொல்லும்போது அவள் எங்கள் பாட்டிலை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அன்று சாயங்காலம் இலைகளை எண்ணிவிட்டுத்தான் நான் விளக்கேற்றினேன்.

வீராம்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாவும் தன் பங்குக்குச் சொன்னார். "மீன் கழுவுன தண்ணிய ஊத்துண்ணே. எங்க வூட்ல முருங்க மரம் எப்டி நிக்கிது தெரியுமா?" முருங்கை மரம் வாசலில் நிற்கிறது, இது ஹாலுக்குள் டி.வி. பக்கத்தில் நிற்கிறது என்ற சின்ன வித்தியாசத்தை என் கணவர் கவனிக்கவில்லை. ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். மறுநாள் மத்தியானத்துக்குள் தெருவில் உள்ள பூனைகளெல்லாம் எங்கள் ஜன்னலில் வந்து உட்கார்ந்து அவருக்கு உடம்பு எப்படியிருக்கிறது என்று விசாரித்தன. பாட்டிலை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். நாற்றம் போக வாரக்கணக்கில் ஆனது. செடி மட்டும் எதுவும் நடக்காதது போல நின்றது. அதன்மேல் எனக்கு முதன்முதலாக ஒரு மரியாதை வந்தது.

அவருக்கும் அப்போதுதான் அதன்மேல் கண் விழுந்தது. வேறு பார்க்க எதுவுமில்லை. டி.வி.யில் செய்திக்காரர்கள் சண்டை போடுவார்கள். அதை அணைத்தால் பாட்டில். கணுவிலிருந்து வெள்ளையாக வேர் இறங்குவதை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தண்ணிய நா மாத்தறன், இங்க கொண்டா" என்றார். கட்டிலிலேயே உட்கார்ந்து மாற்றுவார். அதாவது, நான் ஒரு சொம்பில் நல்ல தண்ணீரும் ஒரு காலிப் பக்கெட்டும் ஒரு துணியும் கொண்டுவந்து வைத்து, பாட்டிலைக் கையில் கொடுத்தால், அவர் மாற்றுவார். சிந்தியதை நான் துடைப்பேன். இதற்கு 'நான் செடி வளர்க்கிறேன்' என்று பெயர்.

ஒருநாள் காலையில் அடுப்பில் பால் பொங்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டார். குரலைக் கேட்டுக் கீழே விழுந்துவிட்டார் போலிருக்கிறது என்று பதறி ஓடினேன்.

"தோ பாரு. புது எல வுட்டுக்கிது."

சுருட்டிய பீடி மாதிரி ஒரு துளிர். அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் கரும்பு நன்றாக விளைந்த வருடங்களில்கூடப் பார்த்ததில்லை. எங்கள் இரண்டு பிள்ளைகளும் பிறந்தபோது அவர் கழனியில் இருந்தார். பாலில் பாதி அடுப்பிலேயே போனது.

அந்தச் சமயத்தில்தான் சுகாதார நிலையத்திலிருந்து கொசுப்புழு பார்க்கும் பெண் வந்தார். தண்ணீர்த் தொட்டி, டயர், தேங்காய் மட்டை எல்லாம் பார்த்துவிட்டு உள்ளே வந்தவர், பாட்டிலில் டார்ச் அடித்தார்.

"இதுல புழு இருக்குது சார்."

"புழு இல்லம்மா. வேரு துளுக்குது."

"வேரு நீந்துமா சார்?"

என் கணவர் கொஞ்ச நேரம் பாட்டிலை உற்றுப் பார்த்தார். வேர் நீந்திக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பெண் தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு, வாரம் ஒரு தரமாவது பாட்டிலைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று சொல்லிப் போனார். சார் கையால் செடி வளர்த்த நாட்களில் பாட்டிலைத் தேய்ப்பது யார் வேலை என்று முடிவாகவில்லை, அதனால்தான் புழு.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "தண்ணில வக்கிறதெல்லாம் டவுன்காரன் வேல. நம்ப மண்ல வச்சிக் காட்றன் பாரு." கழனியிலிருந்து களிமண் கொண்டுவரச் சொன்னார். நெல் விளைகிற மண். காய்ந்தால் கல், நனைந்தால் கோந்து. பெயிண்ட் பக்கெட்டில் போட்டு நட்டார். அடியில் ஓட்டை போட வேண்டாமா என்று கேட்டேன். "போட்டா ஹாலெல்லாம் ஒழுவும்" என்றார். அதுவும் சரிதான். நாற்றங்காலுக்கு விடுவது போலத் தண்ணீர் விட்டார். பிறகு யூரியா கேட்டார்.

"இத்தினியூண்டு போதுங்க. அதுவும் வேணுமான்னு யோசிங்க."

"எனக்கு நீ சொல்லித் தர்றியா?"

மூட்டையைப் பிரித்து வயலில் வீசிப் பழகிய கை. அந்தக் கைக்குத் தெரிந்த மிகச் சிறிய அளவு ஒரு கைப்பிடி. போட்டார். மேலே தண்ணீரும் விட்டார்.

இலைகளின் ஓரம் முதலில் பழுப்பானது. பிறகு மஞ்சள். பிறகு தண்டு அடியில் கொழகொழவென்று அழுகி, தொட்டால் கையோடு வந்தது. மீன் தண்ணீரையும் கொசுப்புழுவையும் தாங்கி நின்ற செடி, விவசாயியின் அன்பைத் தாங்கவில்லை.

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிக்க வரவும் செய்தது. ஆனால் பக்கெட்டை எடுத்து வெளியே வைக்கப் போனபோது, "வுடு, இருக்கட்டும்" என்றார். சொன்ன குரல் வேறாக இருந்தது.

"செத்துப்போச்சிங்க."

"தெரியுது."

பக்கெட்டைப் பார்த்துக்கொண்டே, "நா வச்சி எதுவும் காஞ்சதில்லடி" என்றார்.

பக்கெட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன். அந்த வருடத்துக் கரும்பு வெட்டு அவர் இல்லாமலே முடிந்திருந்தது. ஆட்களை நானே நின்று பார்த்துக்கொண்டேன். லாரியும் நேரத்துக்கு வந்தது. நன்றாகவே நடந்தது. நன்றாக நடந்தது என்பதுதான் அவருக்கு ஆகவில்லை என்று அப்போது எனக்குப் புரிந்தது. காலை ஊன்றலாம், வாக்கர் பிடித்து நடக்கலாம் என்று டாக்டர் சொல்லி நாளாகியிருந்தது. பயிற்சி சொல்லிக்கொடுக்க வருகிறவரிடம் தினமும் "நாளைக்குப் பாக்கலாம்" என்பார். கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போய் வருவார், அவ்வளவுதான். செடி செத்த பிறகு அந்தப் பேச்சும் நின்றது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஃபேனைக் கூட்டு, குறை என்றுகூடச் சொல்லவில்லை. இத்தனை நாளாக எதை நிறுத்தச் சொல்லி சாமியை வேண்டினேனோ அது நின்றுவிட்டது. அவர் கேட்காமலே நான் ஃபேனைக் கூட்டினேன், பிறகு குறைத்தேன்.

அப்போது நாத்தனார் போன் செய்தாள். ஆடி மாதம் வீராம்பட்டினம் தேருக்கு வருகிறாளாம். அப்படியே எங்கள் வீட்டுக்கும் வந்து அண்ணனையும் செடியையும் பார்த்துவிட்டுப் போவாளாம்.

அண்ணன் சுவர்ப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் திரும்பினார்.

எங்கள் பக்கத்து வீடு அவருடைய சித்தப்பா மகன் வீடு. இருவரும் பேசி வருடக்கணக்காகிறது. அவர்கள் வீட்டு மாடித் தண்ணீர் குழாய் வழியாக எங்கள் சுவரில் விழுகிறது என்பது வழக்கு. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் விழும். சண்டை பன்னிரண்டு மாதமும் உண்டு. ஆண்கள் பேசாமல் வீரமாக இருந்த அந்த வருடங்களில், அந்த வீட்டு மருமகளும் நானும் பின்பக்கமாகக் குழம்பு மாற்றிக்கொண்டுதான் இருந்தோம். என் கணவர் 'நல்லாக்கீது' என்று இரண்டாம் முறை ஊற்றிக்கொண்ட கருவாட்டுக் குழம்பு பாதி அவள் வைத்தது. அவர்கள் வீட்டு முன்பக்க கிரில் முழுக்க மணி பிளாண்ட் படர்ந்திருக்கும். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால், ஒரு கூடை கொண்டுவந்திருப்பேன்.

சொல்லவில்லை. ஒருநாள் மத்தியானம், தெரு தூங்குகிற நேரத்தில், வாசலில் டக், டக் என்று சத்தம். எட்டிப் பார்த்தால் கட்டில் காலி. ஜன்னலுக்கு ஓடினேன். எத்தனையோ பேர் கெஞ்சியும் வாசலைத் தாண்டாத மனிதர், வாக்கரைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு, வெள்ளை வேட்டியில் பக்கத்து வீட்டு கிரில்லை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். திருட்டுக்குப் போகிறவர் அவ்வளவு சத்தத்தோடு போய் நான் பார்த்ததில்லை. கூப்பிட வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். நடக்கிறாரே.

கிரில்லுக்குள் கையை விட்டுக் கொடியைப் பிடித்ததுதான் தாமதம், உள்ளேயிருந்து பங்காளி வந்து நின்றார். பனியனும் கைலியும். தூங்கி எழுந்த முகம்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாண்ணே பண்ற?"

"நடக்கறன்."

"கிரில்லுக்குள்ள கைய வுட்டா நடப்பாங்க?"

"கைக்கும் பயிற்சி சொல்லிக்கிறாரு டாக்டரு."

பங்காளி கொஞ்சம் யோசித்தார். "கேட்டா குடுத்திருப்பன்ல?"

"கேட்டு வாங்குனா வளராதாம்டா."

இத்தனை வருடங்களுக்குப் பிறகு வந்த முதல் 'டா'. பங்காளியின் உதடு துடித்தது சிரிப்புக்கா வேறு எதற்கா என்று அங்கிருந்து தெரியவில்லை. "சரி. நா பாக்காத மாரி திரும்பிக்கிறன். நீ ஒடச்சிக்க" என்று சொல்லி, உண்மையாகவே முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். திரும்பி நின்றபடியே, "கணு இருக்கணும்ணே. கணுவுக்குக் கீழ ஒடி. இல்லாகாட்டி வேர் வுடாது" என்றார்.

கணுவுக்குக் கீழே ஒடிக்க இரண்டு கையும் வேண்டும். என் கணவர் வாக்கரை விட்டார். விட்டது அவருக்கே தெரியவில்லை. ஒரு கையால் கொடியைப் பிடித்து, மறு கையால் நகத்தை வைத்துக் கிள்ளி, இரண்டு காலிலும் நின்றார். பங்காளி சொன்ன சொல் காப்பாற்றித் திரும்பியே நின்றதால் அதைப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். பயிற்சி சொல்லிக்கொடுக்க வருகிறவருக்குக் கொடுத்த காசையெல்லாம் இந்தக் கொடிக்குக் கொடுத்திருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அதோடு கண்ணும் கொஞ்சம் கலங்கியது. வெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாக்கரும் கொடியும் ஒன்றாகத் தூக்க முடியாது. திருட்டுப் பொருளைச் சொந்தக்காரரே தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். ஹாலில் உட்கார்ந்தார். "அண்ணி, காபி குடுப்பீங்களா?" என்று கேட்டார். இரு பங்காளிகளும் சுவரைப் பற்றியும் பேசவில்லை, குழாயைப் பற்றியும் பேசவில்லை. வந்தவர் பெயிண்ட் பக்கெட்டைப் பார்த்துவிட்டு, "இதுலயா வச்ச? இதுல கருணக்கெழங்கே அழுவிடுமே" என்றுதான் ஆரம்பித்தார். கொஞ்சம் கழித்து இருவருமே சிரித்தார்கள்.

அந்தக் கொடியைப் பழுப்பு நிற மருந்து பாட்டில் ஒன்றில் வைத்தோம். வெளிச்சம் உள்ளே போகாததால் பாசி பிடிக்கவில்லை. ஜன்னலை விட்டுக் கொஞ்சம் தள்ளி, வெயில் படாமல் வெளிச்சம் மட்டும் வருகிற இடம். கொசு இறங்காமல் வாயில் பஞ்சு. வெள்ளிக்கிழமை தோறும் பாட்டிலைத் தேய்த்துப் புதுத் தண்ணீர். யூரியா மூட்டை மாட்டுக் கொட்டகைக்குப் போனது. இவ்வளவுதான் வேலை. இவ்வளவுதான் என்று கண்டுபிடிக்க ஊரில் பாதிப் பேரும் ஒரு செடியின் உயிரும் தேவைப்பட்டன.

தேருக்கு வந்த நாத்தனார், பாட்டிலைப் பார்த்ததும் கைதட்டினாள். "பாத்தியா அண்ணி, நா குடுத்தது! என் கைராசி." என் கணவர் கூரையைப் பார்த்தார். அன்றைக்கென்று உட்கார்ந்திருந்த பங்காளிக்கு இருமல் வந்தது. நாத்தனார் குரலைத் தாழ்த்தி, "எங்கூட்ல இருந்தது காஞ்சிபோச்சிண்ணே, இன்னான்னே தெரில. இதுலேர்ந்து ஒன்னு ஒடிச்சிக்கிறன்" என்றாள்.

"கேக்காத. நாங்க திரும்பிக்கிறோம், எடுத்துக்க" என்றார் இவர்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒடித்துக்கொண்டு போனாள். போகும்வரை அவளுக்கு வேர், கணு, வெளிச்சம், தண்ணீர் பற்றி ஒரு சொற்பொழிவு நடந்தது. முதல் மணி பிளாண்டைக் கொன்றவர் என்று அதைக் கேட்ட யாரும் சொல்ல மாட்டார்கள்.

பங்காளிகள் ஒன்றுசேர்ந்தார்கள் என்று கதையை முடித்தால் கேட்க நன்றாக இருக்கும். ஐப்பசி மழையில் பங்காளி தன் குழாயைத் திருப்பி வைத்தார். திருப்பியதில் தண்ணீர் எங்கள் சுவரை விட்டுவிட்டு நேராக எங்கள் மாட்டுக் கொட்டகைக் கூரையில் விழுந்தது. மறுபடியும் பேச்சு நின்றது. ஆனால் இந்த முறை ஒரு முன்னேற்றம்: பேசாமல் இருப்பதை இருவரும் எங்கள் ஹாலிலேயே, காபி குடித்துக்கொண்டே செய்கிறார்கள். அந்த டம்ளரையும் நான்தான் கழுவுகிறேன்.

இவர் வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்து, மழை விட்ட ஒரு காலையில் கைத்தடியும் இல்லாமல் கழனிப் பக்கம் போனார். என்னிடம் சொல்லவில்லை. நான் ஹாலைத் துடைத்து முடித்துத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். திரும்பி வந்தவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டுச் சேற்றுக் காலோடு நேராக உள்ளே நடந்து போய், நாற்காலியில் உட்கார்ந்து, "மறுதாம்பு நல்லா கெளம்பிக்கிது" என்றார். வெட்டிய கரும்பின் கட்டையிலிருந்து வரும் புதுத்தூரைச் சொன்னார்.

வாசலிலிருந்து நாற்காலி வரைக்கும் சேற்றுத் தடம். இடது கால், வலது கால், இடது கால், வலது கால். இரண்டும் ஒரே மாதிரி அழுத்தமாகப் பதிந்திருந்தன. அன்றைக்கு மட்டும் நான் அவரைத் திட்டாமல், துணியை மறுபடி நனைத்தேன்.